சட்டமன்றத்துக்கு நான் போட்ட மார்க்

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டெக்சஸ் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரை நான் அழ வைத்திருக்கிறேன். அழுதாரா என்று கோர்ட்டில் கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன். போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். (ஏசி குளிராகவும் இருக்கலாம். இந்த ஊரில் ஜூன் மாதம்கூட ஆபீசுக்குள் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது.) ஆனால் "நான் பதினாலு வருஷமா ஏ வாங்கிட்டிருக்கேன், மேடம்" என்று சொன்ன அந்தக் குரல் எனக்கு நன்றாகப் பழக்கமான குரல். பாளையங்கோட்டையில் நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் லெக்சரராக இருந்தபோது, செமஸ்டர் ரிசல்ட் வந்த மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் கேட்கும் குரல் அது.

கல்யாணமாகி ஆஸ்டினுக்கு வந்த பிறகு எட்டு வருஷம் என் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. சமைத்தேன், மகள் ஆயிஷாவை நீச்சல் கிளாசுக்கும் ஸ்கூலுக்கும் டிரைவ் பண்ணினேன், ஆன்லைனில் கிடைத்த சர்டிபிகேட்டுகளையெல்லாம் வாங்கிக் குவித்தேன். ஒரு வழியாக வொர்க் பெர்மிட் வந்தது. கண்ணில் பட்ட எல்லா இடத்துக்கும் அப்ளை பண்ணினேன். யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் கூப்பிட்டது ஒரே ஓர் இடம். சட்டமன்றக் கட்டடத்துக்கு எதிர்ச்சாரியில், ஒரு சாண்ட்விச் கடைக்கு மாடியில் இருந்த ஒரு வரி கட்டுவோர் சங்கம்.

சங்கத்தின் கொள்கை எளிமையானது. அரசாங்கம் வரியைக் குறைவாக வாங்க வேண்டும், செலவையும் குறைவாகச் செய்ய வேண்டும். நிரந்தர ஊழியர்கள் மொத்தம் ஆறு பேர். எனக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை கான்ட்ராக்ட்.

என் கணவர் சாதிக்குக்கு ஏக சந்தோஷம். வருஷா வருஷம் எங்கள் வீட்டின் மதிப்பு இவ்வளவு என்று கவுன்ட்டியிலிருந்து, அதாவது மாவட்ட ஆபீசிலிருந்து, ஒரு கடிதம் வரும். அதைப் பார்த்துத்தான் வீட்டு வரி போடுவார்கள். அது வரும் நாளில் அவர் சாப்பிட மாட்டார்.

"பர்வீன், சரியான இடம்தான் புடிச்சிருக்க. நம்ம வீட்டு வரியைப் பத்தி அங்க ஒரு வார்த்தை போட்டு வை."

"மச்சான், நான் புரோகிராம் எழுதப் போறேன். மனு குடுக்கப் போகல."

எனக்கு அமெரிக்க அரசியல் ஒன்றும் தெரியாது. நான் இந்த நாட்டுக் குடிமகளும் இல்லை, எனக்கு ஓட்டும் இல்லை. ஓட்டே இல்லாதவளுக்குக் கிடைத்த முதல் வேலை, மற்றவர்கள் போட்ட ஓட்டுக்கு மார்க் போடுவது.

ஆமாம், மார்க்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சட்டமன்றம் கூடும். உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டுப் போடுவார்கள். அதிலிருந்து சங்கம் தனக்கு முக்கியமான சிலவற்றைப் பொறுக்கி எடுக்கும். யார் யார் சங்கத்துக்குப் பிடித்த மாதிரி ஓட்டுப் போட்டார்கள் என்று கணக்குப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஏ, பி, சி, ஃபெயிலானால் எஃப் என்று கிரேடு போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பும். கூட்டல் கழித்தல் செய்து கார்டு தயாரிக்கும் புரோகிராமை எழுதுவது என் வேலை.

'இதை யார் மதிப்பார்கள்?' என்றுதான் முதலில் நினைத்தேன். சம்பந்தமே இல்லாத ஆறு பேர் மாடியில் உட்கார்ந்துகொண்டு ரேங்க் கார்டு போட்டால், அதை வாங்கிக்கொண்டு யாராவது வீட்டில் கையெழுத்துக்கு நீட்டுவார்களா?

இரண்டாவது வாரம் போன் அடித்தது. ஓர் உறுப்பினரின் ஆபீசிலிருந்து ஒரு பெண். "நாளைக்கு வர்ற அந்த மசோதா... அதுக்கு ஓட்டுப் போட்டா நீங்க கணக்குல எடுப்பீங்களா?" என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 'மேடம், இது எக்சாம்ல வருமா?' என்ற அதே கேள்வி! வந்தால் படிப்பார்கள், வராவிட்டால் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். போனை எங்கள் தலைவர் கார்லிடம் கொடுத்தேன். கார்ல் மெல்லிய குரல்காரர், சட்டைப் பையில் எப்போதும் பென்சில் இருக்கும். "எடுப்போம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு இதில் ஆர்வம் பிடித்துக்கொண்டது. டிபன் பாக்ஸை அவசரமாகக் காலி பண்ணிவிட்டு, மத்தியானம் தெருவைக் கடந்து சட்டமன்றத்தின் மேல்மாடத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். யார் வேண்டுமானாலும் போகலாம், பை சோதனை மட்டும்தான். கீழே நூற்றைம்பது பேர். ஓட்டெடுப்பு என்றதும் ஆளுக்கொரு பட்டனை அழுத்துவார்கள், பெரிய பலகையில் பெயருக்குப் பக்கத்தில் பச்சையோ சிவப்போ எரியும். நடுவில் சிலர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒரு விரல் காட்டினால் ஆம், இரண்டு விரல் காட்டினால் இல்லை. மசோதாவைப் படிக்காதவர்கள் விரலைப் பார்த்து அழுத்துவார்கள். (காப்பியடிப்பதை அரசாங்கமே ஏற்பாடு பண்ணிக் கொடுத்த பரீட்சை ஹால் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.)

ஒருநாள் கார்ல் எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரு வரி அனுப்பினார்: 'இந்த ஓட்டுக்கு மார்க் உண்டு.' நான் ஓடிப்போய் மேல்மாடத்தில் உட்கார்ந்தேன். பலகையில் பச்சை எரிந்தது. கீழே சிலர் போனைப் பார்த்தார்கள். பலகையில் நாலைந்து பச்சை, சிவப்பாக மாறியது. நான் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தேன். சாண்ட்விச் கடை மாடியில் பென்சில் வைத்திருக்கும் ஒரு மனுஷர் தட்டிய ஒரு வரி, தெருவைக் கடந்து, விளக்கின் நிறத்தை மாற்றிவிட்டது.

திரும்பி வந்து கார்லிடம் கேட்டேன். "எப்படி?"

"பர்வீன், ஒரு மசோதா எரநூறு பக்கம். ஓட்டுப் போடுற ஜனங்க படிக்க மாட்டாங்க. ஆனா ஒரே ஒரு எழுத்தை எல்லாரும் படிப்பாங்க" என்றார். (கார்லுக்குத் தமிழ் தெரியாது. இதெல்லாம் என் மொழிபெயர்ப்பு. அதில் நான் எவ்வளவு கெட்டிக்காரி என்பது இதோ தெரியப்போகிறது.)

"அப்ப உங்களுக்கு யாரு மார்க் போடுவாங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்களுக்கு நன்கொடை குடுக்கிறவங்க" என்று சொல்லிவிட்டு பென்சிலைச் சீவப் போய்விட்டார்.

மே முடிந்து சட்டமன்றக் கூட்டம் முடிந்தது. ஓட்டுப் பட்டியல் என் கைக்கு வந்தது. ஒவ்வொரு வரியிலும் அது எந்த ஓட்டு, அதற்குச் சங்கத்தின் பார்வையில் சரியான பதில் 'ஆம்' என்பதா 'இல்லை' என்பதா என்று இருக்கும். பெரும்பாலானவை பட்ஜெட் விவாதத்தில் வந்த திருத்தங்கள், அதற்கெல்லாம் இரட்டை மார்க். பட்டியலைத் தயாரித்தவர் அதை மேசையில் வைத்த கையோடு மீன் பிடிக்கப் போய்விட்டார்.

அந்தப் பட்டியலைப் படித்தபோதுதான் எனக்குள் இருந்த லெக்சரர் விழித்துக்கொண்டாள்.

ஒரு வரியில் இப்படி இருந்தது. திருத்தம்: கூடுதல் செலவு. சங்கத்தின் கருத்து: மோசம். ஓட்டெடுப்பு: திருத்தத்தை 'டேபிள்' செய்யலாமா? சரியான பதில்: ஆம்.

என்ன அபத்தம்! நம் ஊரில் ஒரு மசோதாவை டேபிள் பண்ணினார்கள் என்றால், அவையில் கொண்டுவந்து வைத்தார்கள் என்று அர்த்தம். பார்லிமென்ட் செய்தியில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! மோசமான திருத்தத்தைக் கொண்டுவா என்று சொன்னவனுக்கு மார்க்கா? அடுத்த வரியும் அப்படியே. அதற்கடுத்ததும். பாவம், மீன் ஞாபகத்தில் எல்லாவற்றையும் தலைகீழாக எழுதிவிட்டார் என்று முடிவுகட்டினேன்.

கார்லிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்கவில்லை. எட்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவள் 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். கூடவே, பெரிய தப்பைச் சத்தமில்லாமல் சரிசெய்த பெருமையைத் தனியாக அனுபவிக்கும் ஆசை. 'டேபிள்' என்று வந்த ஒவ்வொரு வரியிலும் 'ஆம்' என்பதை 'இல்லை' என்று மாற்றினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் சாதிக்கிடம், "நான் இல்லன்னா இவங்க சங்கத்து மானமே போயிருக்கும், மச்சான்" என்றுகூடச் சொன்னேன்.

வெளியிடுவதற்கு முன் கார்ல் கார்டுகளைப் பார்த்தார். லோகோ சரியாக இருக்கிறதா, நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். "செக் பண்ணிட்டியா?"

"ரெண்டு தடவை."

அது பொய்யில்லை. கூட்டலை இரண்டு தடவை செக் பண்ணியிருந்தேன்.

ரிசல்ட் நாளன்று நான் மைசூர்பாகு செய்து எடுத்துப் போயிருந்தேன். கார்ல் ஒரு கூட்டத்தில் பேசப் போயிருந்தார், போன் எடுக்கும் பெண் லீவு. காலை பத்து மணிக்குச் சங்கத்தின் உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஈமெயில் போனது. பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. சங்கத்துக்கு மிகவும் வேண்டிய ஒரு சட்டமன்ற உறுப்பினர். வரி என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நின்று எதிர்ப்பவர் என்று பெயர் எடுத்தவர்.

"மேடம், எனக்கு எஃப்னு வந்திருக்கு. ஏதோ தப்பு நடந்திருக்கு."

"இல்லை சார். கம்ப்யூட்டர் போட்ட மார்க்."

"நான் பதினாலு வருஷமா ஏ வாங்கிட்டிருக்கேன், மேடம். என் மாமியார் உங்க மெயிலிங் லிஸ்ட்ல இருக்காங்க."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷி, "இருங்க சார், விசாரிக்கிறேன்" என்று சொல்லியிருப்பாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

"சார், பழைய மார்க்கை வச்சு யாரும் பாஸாக முடியாது. எங்க கோட்டை விட்டீங்கன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. அடுத்த செஷன்ல இன்னும் நல்லா முயற்சி பண்ணுங்க."

அப்போதுதான் அந்த மூக்குறிஞ்சும் சத்தம்.

அதன் பிறகு போன் ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே புகார், எல்லோருக்கும் நான் ஒரே அறிவுரை. இரண்டு பேரை, மறு மதிப்பீட்டுக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்கச் சொன்னேன். (அப்படி ஒரு ஏற்பாடே சங்கத்தில் கிடையாது. நானே உண்டாக்கியது.) ஒரு கட்டத்தில், 'இவ்வளவு பேர் ஃபெயிலா? பேப்பர் கொஞ்சம் கஷ்டமோ?' என்று எனக்கே தோன்றியது. ஆனால் சந்தேகம் பேப்பர் திருத்தியவள் பக்கம் திரும்பவே இல்லை.

பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. குள்ளமாக, வழுக்கைத் தலையோடு ஒருவர், பிரின்ட் எடுத்த காகிதத்தைக் கையில் நசுக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார். போட்டோவைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமான முகம். பெயர் ரே. மாநிலத்திலேயே ஏ ப்ளஸ் வாங்கிய ஒரே ஆள்!

நான் எழுந்து நின்றேன். "கங்கிராஜுலேஷன்ஸ் சார்! ஸ்டேட் ஃபர்ஸ்ட்!" என்று மைசூர்பாகு டப்பாவை நீட்டினேன்.

அவர் டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"வருஷக்கணக்கா நீங்க எனக்கு எஃப் குடுக்கறீங்க. அந்த எஃப்பை என் பிரசாரக் கார்டுல நானே பெருசா அச்சடிச்சுப் போடுவேன். என் தொகுதியில பூரா டீச்சருங்க, நர்ஸுங்க. 'இந்தச் சங்கம் எனக்குப் போட்ட மார்க்கைப் பாருங்க'ன்னு காட்டித்தான் ஓட்டுக் கேக்கறேன். இப்ப காலைலேருந்து என் ஆளுங்க போன் பண்ணி, 'எப்ப விலை போனீங்க?'ன்னு கேக்கறாங்க!"

ஃபெயில் மார்க்கை ஃபிரேம் போட்டு மாட்டும் மாணவனை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. பயம் ஒரு பக்கம் இருந்தாலும், 'ஓஹோ, இந்தச் சங்கத்தின் எஃப்புக்கும் மதிப்பு இருக்கிறதா!' என்று ஆர்வம் ஒரு பக்கம் தலைதூக்கியது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காகிதத்தைப் பிரித்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போனார். "இதோ. டேபிள் பண்ணலாமான்னு கேட்டாங்க. நான் இல்லைன்னு போட்டேன். இதுக்கு எனக்கு ஃபுல் மார்க் குடுத்திருக்கீங்க. இது உங்களுக்கு எப்படிச் சரியான பதிலாகும்?"

"டேபிள் பண்ணினா திருத்தம் உள்ள வந்துரும்ல, சார்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் கொஞ்சம் இறங்கிய மாதிரி இருந்தது. "டேபிள் பண்றதுன்னா அதைக் கொல்றதும்மா. மேசை மேல வச்சிட்டு அப்படியே மறந்துடறது."

"எங்க ஊர்ல மேசை மேல வச்சா, எடுத்துச் சாப்பிடணும்னு அர்த்தம், சார்."

சொல்லி முடிக்கும்போதே பட்டியலை இழுத்து விரித்தேன். பட்ஜெட் ஓட்டு அத்தனையும் தலைகீழ். நல்ல பிள்ளைகளெல்லாம் ஃபெயில். ரேயோ, மகளுக்குப் பிரசவம் என்று மற்ற ஓட்டுகளின்போது ஊரிலேயே இல்லாததால் (போடாத ஓட்டு கணக்கில் சேராது), நான் தலைகீழாகத் திருத்திய கேள்விகளை மட்டும் எழுதி நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து கார்ல் உள்ளே நுழைந்தார். காதில் போன். முகம் சுண்ணாம்பு. பல வருஷ எதிரி தன் ஆபீசில் உட்கார்ந்து மைசூர்பாகு சாப்பிடுவதைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார். (ஆமாம், பேச்சின் நடுவே ரே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். கோபத்திலும் பசிக்கும்தானே.)

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கார்ல் திட்டவில்லை. மெதுவாக ஒரு கேள்விதான் கேட்டார். "போஸ்ட் கார்டு?"

ஈமெயிலைத் திருத்தி அனுப்பிவிடலாம். ஆனால் இதே மார்க்கை அச்சடித்த கார்டுகள், தொகுதி தொகுதியாக வீடுகளுக்குப் போக, வடக்கே ஒரு பிரஸ்ஸில் கட்டுக் கட்டாக இருந்தன. மத்தியானம் போஸ்ட் ஆபீசுக்குக் கிளம்ப வேண்டியவை. போன் பண்ணினோம். யாரும் எடுக்கவில்லை. கார்லைத் துரத்த இன்னும் இருபது உறுப்பினர்கள் லைனில் இருந்தார்கள்.

"நான் போறேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஃபிரீவேயில் அன்றைக்கு நான் ஓட்டிய வேகத்தை சாதிக் இன்னும் நம்பவில்லை. பிரஸ் வாசலில் லாரி தயாராக இருந்தது. உள்ளே கட்டுகள் ஏற்றியாகிவிட்டது. நான் காரை நிறுத்திவிட்டு ஓடிப்போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு லாரிக்கு முன்னால் நின்று, "போகாதீங்க! மார்க் தப்பு!" என்று கத்தினேன். பதற்றத்தில் அதைத் தமிழில் கத்தினேன் என்பது பிறகுதான் உறைத்தது. அது நிற்கிற லாரி என்பதும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பர்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கண்ணாடியை இறக்கி, "மேடம், உங்களுக்கு டாக்டரைக் கூப்பிடணுமா?" என்றார்.

கார்டுகள் நின்றன. அத்தனையும் குப்பைக்குப் போயின. சாயங்காலத்துக்குள் சரியான மார்க்கோடு, மன்னிப்போடு, புது ஈமெயில் போனது. ரேக்கு எஃப் திரும்பக் கிடைத்தது. "ரொம்ப நன்றி" என்று அவர் ஆபீசிலிருந்து போன் வந்தது. எஃப் போட்டதற்கு நன்றி சொன்னவர் என் அனுபவத்தில் அவர் ஒருவர்தான்.

அந்தப் பதினாலு வருஷக்காரரிடம் நானே பேச வேண்டும் என்றார் கார்ல். பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். மனுஷர் பெருந்தன்மையாகச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப ஏ ப்ளஸ்தானே?" என்றார்.

"ஏ தான் சார். ஒரு ஓட்டைத் தப்பாப் போட்டுட்டீங்க."

"அதை எப்படியாவது..." என்று ஆரம்பித்தார். நான் போனை கார்லிடம் கொடுத்துவிட்டேன்.

ஆபீஸ் காலியான பிறகு கார்ல் அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டேபிள் என்ற சொல்லுக்கு அதில் இரண்டு அர்த்தமும் போட்டிருந்தது. ஒரே சொல், கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் நேர்மாறாக இன்னொன்று. "நீ கேட்டிருந்தா அரை நிமிஷ வேலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பிறகு ஜன்னல் வழியாகத் தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி, "எங்க கார்டை எத்தனை பேர் படிக்கிறாங்கன்னு நாங்க நன்கொடைக்காரங்களுக்குச் சொல்லிட்டே இருப்போம். எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றார். "இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஜூன் கடைசியில் என் கான்ட்ராக்ட் முடிந்தது. நீட்டிக்கவில்லை. நியாயம்தான். அடுத்த வேலை ஓர் ஆஸ்பத்திரி பில்லிங் கம்பெனியில் கிடைத்தது. அங்கே முதல் நாளிலிருந்தே, புரியாத சொல் வந்தால் எழுந்து போய்க் கேட்டுவிடுவேன். ரொம்பக் கேட்கிறாள் என்று சொன்னார்கள். சொல்லட்டும்.

இப்போது எனக்கு ஓட்டு இருக்கிறது. தேர்தல் சமயத்தில் எங்கள் தபால் பெட்டியில் விதவிதமான கார்டுகள் விழும். இவருக்கு ஏ, அவருக்கு எஃப் என்று. சாதிக் கிரேடை மட்டும் பார்ப்பார். நான் கார்டைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் யார் அனுப்பியது என்று தேடுவேன். எந்த ஓட்டை எடுத்தார்கள், எதை விட்டார்கள், எந்தப் பெண் உட்கார்ந்து கூட்டினாள், அவள் எந்த ஊர்க்காரி என்றெல்லாம் யோசிக்கத் தோன்றும். ஒரு கார்டுக்கு அரை மணி நேரம் ஆகும்.

வீட்டில் மிஞ்சியது வேறொன்று. யாராவது எதையாவது "டேபிள் பண்ணுவோம்" என்று சொன்னால் போதும், ஆயிஷா ஐபாடிலிருந்து தலையைத் தூக்காமலே, "விச் கன்ட்ரி, உம்மா?" என்பாள். இந்தியா டேபிள் என்றால் இப்போதே பேச வேண்டும். அமெரிக்கா டேபிள் என்றால் அந்தப் பேச்சு செத்தது. மேலப்பாளையத்தில் இருக்கும் என் நாத்தனார்வரை இது பரவி, குடும்ப வாட்ஸப்பில் கல்யாணப் பேச்சு வந்தால்கூட, "எந்த ஊர் டேபிள்?" என்று கேட்டுத்தான் மேலே போகிறார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சாதிக் ஒரு யோசனையோடு வந்தார். ஊருக்கு வெளியே ரெண்டு ஏக்கர் வாங்கி, அதில் ஆடு வளர்த்தால் விவசாய நிலம் என்று வரி குறையுமாம். யாரோ ஃபிரெண்டு சொன்னாராம். போனில் ஆடுகளின் படம்கூட வைத்திருந்தார்.

"டேபிள் பண்ணுவோம், மச்சான்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "எந்த ஊர் டேபிள்?"

"அமெரிக்கா."

ஆடுகள் இன்னும் அந்த மேசை மேல்தான் நிற்கின்றன.